கம்பளிக்கு நடுவே ஒரு கழுத்து

ரவிக்கை தைத்துப் பழகிய சகோதரிகளைக் கேட்டுப் பாருங்கள். முதுகு சரியாக வந்துவிடும். முன்பக்கமும் எப்படியோ வந்துவிடும். கையைக் கொண்டுவந்து உடம்போடு பொருத்துகிற இடத்தில்தான் மானம் போகும். அக்குளில் இழுக்கும், தோளில் சுருங்கும், கையைத் தூக்கினால் ரவிக்கையும் கூடவே தூக்கிக்கொண்டு வரும். அப்படியானால் கையே இல்லாத ஓர் உடுப்பு இருந்தால் எவ்வளவு சௌகரியம்!

இருக்கிறது. அதன் பெயர் போன்ச்சோ. அகலமாக ஒரு துணி, அதன் நடுவில் தலை நுழைய ஒரு வழி. அவ்வளவுதான் சமாசாரம்.

"அவ்வளவுதான்" என்று நானும் நினைத்துக்கொண்டுதான் கத்தரிக்கோலை எடுத்தேன். என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அளவுகளுக்குப் பிறகு வரலாம். அந்த அளவுகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது அப்போதுதான் புரியும்.

2023-ஆம் வருஷம் டிசம்பர் கடைசியில் குன்னூரில் இருக்கும் என் பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். சுமார் ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஊர். மார்கழிக் காலையில் அங்கே குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் கை நம்முடையதா என்று சந்தேகம் வந்துவிடும். அந்தக் குளிரில் பெரியம்மா வெறும் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, அறையை விட்டு வெளியே வராமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஸ்வெட்டர் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏன் பெரியம்மா, ஸ்வெட்டர் போட்டுக்கறதுதானே?" என்றேன்.

"குளிரலை கண்ணு," என்றாள். சொல்லும்போதே உதடு நடுங்கியது.

அண்ணிதான் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். பெரியம்மாவுக்கு வலது தோள் இறுகிப் போயிருந்தது. 'ஃப்ரோஸன் ஷோல்டர்' என்றாராம் டாக்டர். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது; சரியாக ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூட ஆகலாம். வலது கையைத் தோள் உயரத்துக்குக்கூடக் கொண்டுபோக முடியவில்லை. ஸ்வெட்டர் போட வேண்டுமென்றால் ஒருவர் உதவ வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற அமளியில் அண்ணி வந்து, கையைப் பிடித்து, மெல்ல மெல்ல நுழைத்து, வலியில் பெரியம்மா முகம் சுளிப்பதைப் பார்த்துக்கொண்டு... "பத்து நிமிஷம் ஆகுது. எனக்குச் சிரமம்னு நினைச்சுக்கிட்டுக் குளிரலைன்னே சொல்றாங்க. காலையில வராண்டாவில உட்கார்ந்து பேப்பர் படிக்கிறதையும் விட்டுட்டாங்க," என்றாள் அண்ணி.

அப்போதுதான் எனக்குப் போன்ச்சோ ஞாபகம் வந்தது.

பெயரைப் பார்த்து இதை ஏதோ நாகரிகக் கடைச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். தென் அமெரிக்காவில் ஆண்டீஸ் மலைத் தொடர் இருக்கிறதே, அங்கே ஸ்பெயின் தேசத்தார் போய் இறங்குவதற்கு வெகு காலம் முன்பிருந்தே மலைவாசிகள் உடுத்தி வந்தது இது. லாமா, அல்பாக்கா என்கிற பிராணிகளின் ரோமத்தை நூற்று, தறியின் ஒரு முனையை மரத்திலோ கம்பத்திலோ கட்டி, மறு முனையைத் தங்கள் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு நெய்வார்கள். இடுப்புத் தறியில் அகலமான துணி வராது. அதனால் குறுகலான இரண்டு துண்டுகளை நெய்து, நீளவாக்கில் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துவிடுவார்கள். நடுவில் மட்டும் தைக்காமல் கொஞ்சம் விட்டுவிட்டால் அதுதான் கழுத்து! கத்தரிக்கோலுக்கு அங்கே வேலையே கிடையாது. நெய்த துணியை வெட்டுவதை விரும்பாத ஜனங்கள்.

பிறகு அது குதிரைக்காரர்கள் தோளில் ஏறி அர்ஜென்டினாவின் புல்வெளிகளுக்குப் போயிற்று. இளமையில் தென் அமெரிக்காவில் பல வருஷம் இருந்த இத்தாலிய வீரர் கரிபால்டி, ஊர் திரும்பிய பிறகும் போன்ச்சோவை விடவில்லை. 1964-இல் வெளியான ஒரு கௌபாய் படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் அதைப் போட்டுக்கொண்டு சுருட்டும் கையுமாக வந்த பிறகு உலகம் பூராவும் தெரிந்துவிட்டது. நம் ஊர்க் கிராமங்களில் மழைக்குச் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொள்கிறார்களே, அந்தப் புத்தியும் இந்தப் புத்தியும் பங்காளிகள்தான்.

நிற்க. குன்னூருக்கு வருவோம்.

பெரியம்மாவிடம் ஒரு கம்பளி இருந்தது. பெரியப்பா தேயிலை எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். வேலையில் சேர்ந்த முதல் வருஷம் வாங்கிய பழுப்பு நிறக் கம்பளி அது. அறுபது இன்ச் அகலம், தொண்ணூறு இன்ச் நீளம். அவர் காலமான பிறகு அந்துருண்டையோடு டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது. ஒரு மூலையைப் பூச்சி அரித்திருந்தது. "இதில் தைக்கலாமே" என்று நான் சொன்னதுதான் தாமதம், பெரியம்மா கம்பளியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவர் கம்பளி கண்ணு. வெட்டறதாவது!"

நானும் வற்புறுத்தவில்லை. அண்ணியிடம் ஒரு பழைய படுக்கை விரிப்பை வாங்கி, மாதிரிக்கு ஒன்று செய்து காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். அந்த மட்டும் என் அதிர்ஷ்டம். விரிப்பை நெடுக இரண்டாக மடித்தேன். கழுத்து அகலம் ஆறு இன்ச் வேண்டும் என்று மனக் கணக்கு. மடிப்பிலிருந்து ஆறு இன்ச் அளந்து, அழகாக வளைத்து, 'சரக்' என்று வெட்டினேன். விரித்துப் பார்த்தால் பன்னிரண்டு இன்ச்! மடித்த துணியில் அளந்தால் பாதியைத்தான் அளக்க வேண்டும் என்பது ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். கல்லூரியில் படித்த எனக்குத் தெரியவில்லை. பெரியம்மா தலையில் மாட்டினோம். அது தலையில் நிற்கவில்லை, கழுத்தில் நிற்கவில்லை, தோளிலும் நிற்கவில்லை. நேரே இறங்கி இடுப்பில் பாவாடை மாதிரி உட்கார்ந்துகொண்டது.

பெரியம்மா அன்றைக்குச் சிரித்த மாதிரி சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகிறது.

சிரித்து முடித்துவிட்டு, இடது கையால் அந்த விரிப்பைப் பிடித்துத் திரும்பவும் தலை வழியாக இழுத்துக்கொண்டாள். ஒரு தடவை, இரண்டு தடவை. யார் உதவியும் இல்லாமல் போட முடிகிறதே என்று பரீட்சை பண்ணிப் பார்க்கிறாள் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. மறுநாள் காலையில் கம்பளி டிரங்குப் பெட்டியிலிருந்து தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

இனி, விஷயம் உங்களுக்கு. முதலில் கழுத்தின் ரகசியத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். போன்ச்சோவில் தப்பு நடக்கிற இடம் அது ஒன்றுதான்.

பெரியவர்களின் தலையைச் சுற்றி அளந்தால் சுமார் இருபத்திரண்டு இன்ச் வரும். கழுத்தைச் சுற்றி அளந்தால் பதின்மூன்று, பதினான்குதான். தலை நுழையும்படி வட்டமாக வெட்டினால் அது கழுத்துக்கு வெகு பெரிது. குளிர்காற்று நேரே நெஞ்சுக்குப் போகும். கழுத்துக்கு ஏற்ற மாதிரி வெட்டினால் தலை நுழையாது. ஆகவே வட்டத்தைச் சிறியதாக வைத்து, முன்பக்கம் ஒரு பிளவு விட வேண்டும். போடும்போது பிளவு விரிந்து கொடுக்கும். போட்ட பிறகு ஒரு பொத்தானால் மூடிக்கொள்ளலாம்.

இதை நேரே துணியில் வரையாதீர்கள். ஒரு தினசரித் தாளை எடுத்து நெடுக இரண்டாக மடியுங்கள். (நம் பத்திரிகையை வெட்ட வேண்டாம், தொடர்கதை போய்விடும்.) மடிப்புக்குக் குறுக்கே ஒரு கோடு போடுங்கள், அது தோள் கோடு. அந்தக் கோட்டில் மடிப்பிலிருந்து மூன்று இன்ச். மூன்றுதான், ஆறு அல்ல! மடிப்பு ஓரமாகவே தோள் கோட்டிலிருந்து முதுகுப் பக்கம் ஒரு இன்ச், முன்பக்கம் மூன்று இன்ச். இந்தப் புள்ளிகளை வளைவாகச் சேர்த்து வெட்டுங்கள். பிறகு முன் கழுத்தின் அடியிலிருந்து மடிப்போடு ஐந்து இன்ச் நேராகக் கீறிவிடுங்கள். வளைவு சுற்றிப் பதினாறு இன்ச், பிளவின் இரண்டு பக்கமும் சேர்ந்து பத்து இன்ச், ஆக இருபத்தாறு. இருபத்திரண்டு இன்ச் தலை தாராளமாக நுழையும். தாளை யாருக்குத் தைக்கிறீர்களோ அவர் தலையிலேயே மாட்டிப் பாருங்கள். கிழிந்தால் போவது தாள்தானே!

அடுத்தது, உடம்பின் அளவு. பிடரியிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரைக்கும் அளந்து இரண்டால் பெருக்கினால் அகலம். பெரியம்மாவுக்கு இருபத்தைந்து இன்ச் வந்தது, ஆகவே ஐம்பது. நீளத்துக்கு முன்பக்கம் தோளிலிருந்து தொடை வரைக்கும் இருபத்தெட்டு இன்ச் வைத்தேன். முதுகுப் பக்கம் இருபத்துநான்குதான். ஏன் குறைத்தேன் என்றால், வயதானவர்கள் உட்காரும்போது பின்புறம் நீளமாக இருந்தால் அதன் மேலேயே உட்கார்ந்துவிடுவார்கள். கழுத்து பின்னால் இழுத்துக்கொண்டு தொண்டையைப் பிடிக்கும். முன்பக்கம் நீளமாக இருந்தாலோ மடியும் கதகதப்பாக இருக்கும். ஆக மொத்தம் ஐம்பத்திரண்டு இன்ச் நீளம், ஐம்பது அகலம். பூச்சி அரித்த மூலை தானாகவே வெளியே போய்விட்டது.

வீட்டில் கம்பளி இல்லாதவர்கள் கடையில் 'ஃப்ளீஸ்' என்று கேட்டு வாங்கலாம். பெரும்பாலும் ஐம்பத்தெட்டு, அறுபது இன்ச் அகலத்தில் வரும். ஒன்றரை மீட்டர் வாங்கினால் ஒரு போன்ச்சோ. வெட்டிய விளிம்பில் நூல் பிரியாது, லேசாகவும் இருக்கும். ஆனால் அது செயற்கை இழை என்பதை மறக்க வேண்டாம். நெருப்புப் பட்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். சென்னைவாசிகளுக்குக் கம்பளி எதற்கு? ஏ.ஸி. ரயிலுக்கும் ஏ.ஸி. ஆபீஸுக்கும் சென்னிமலைப் போர்வை ஒன்று போதும். பருத்தியாக இருந்தால் வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திவிடுங்கள். சுருங்குவது தைப்பதற்கு முன்பே சுருங்கட்டும். கம்பளியைப் பச்சைத் தண்ணீரில் மென்மையான சோப்புப் போட்டு அலசி, முறுக்காமல், தரையில் விரித்து நிழலில் உலர்த்த வேண்டும். வெந்நீரில் போட்டால் பெரியம்மாவின் போன்ச்சோ பேத்திக்குத்தான் சரியாக இருக்கும்.

இப்போது கழுத்தைத் தைக்கலாம். நான் சொல்லப் போகிற முறையில் முதலில் தைப்பது, அப்புறம்தான் வெட்டுவது. பழைய மெல்லிய பருத்திப் புடவையிலிருந்து பன்னிரண்டு இன்ச் அகலம், பதினான்கு இன்ச் நீளத்தில் ஒரு துண்டு எடுங்கள். கம்பளியின் நல்ல பக்கத்தில், கழுத்து வர வேண்டிய இடத்தில், இந்தத் துண்டின் நல்ல பக்கம் கீழே பார்க்கும்படி பரப்புங்கள். தாளை விரித்து அதன் மேல் வைத்து, கழுத்தையும் பிளவையும் சாக்கட்டியால் வரைந்து, சுற்றிலும் குண்டூசி குத்துங்கள். கழுத்து வளைவில் கோட்டின் மேலேயே மிஷின் ஓட்டிக்கொண்டு வாருங்கள். பிளவு வந்ததும் அதன் ஒரு பக்கமாகக் கால் இன்ச் தள்ளி இறங்கி, கீழ்க் கோடியில் இரண்டே தையல் குறுக்கே போட்டு, மறுபக்கமாகக் கால் இன்ச் தள்ளி மேலே ஏறுங்கள். கம்பளிக்கு 16-ஆம் நம்பர் ஊசி வேண்டும். தையலைக் கொஞ்சம் நீளமாக வையுங்கள். மெல்லிய ஊசி போட்டால் 'டக்' என்று ஒடிந்து மூக்குக் கண்ணாடியில் வந்து அடிக்கும்.

தைத்து முடித்த பிறகுதான் வெட்டு. தையலுக்கு உள்ளே அரை இன்ச் விட்டுக் கழுத்தை வெட்டி எடுங்கள். பிளவை இரண்டு தையலுக்கும் நடுவே கோடி வரைக்கும் கீறி, தையலைத் தொடாமல் நிறுத்துங்கள். வளைவில் அங்கங்கே சிறு சிறு வெட்டுக் கொடுத்துவிட்டு, புடவைத் துண்டு முழுவதையும் ஓட்டை வழியாக உள்பக்கம் தள்ளித் திருப்புங்கள். நல்ல பக்கத்தில் தையலே தெரியாமல் கழுத்து வந்திருக்கும்! உள்ளே திரும்பிய துண்டின் ஓரத்தை மடித்துக் கையால் எம்மிங் போட்டுவிட்டால் தீர்ந்தது. கம்பளியின் சுணை கழுத்தில் உறுத்தாது; புடவைதான் கழுத்தில் படும். கழுத்து தொங்கி விரிந்துபோகாமலும் அந்தத் துண்டு பிடித்துக்கொள்ளும்.

இதைச் செய்கிற நேரத்தில்தான் என் கை நின்றது. தைத்தாகிவிட்டது, கத்தரிக்கோல் கையில் இருக்கிறது, எதிரே பெரியம்மா உட்கார்ந்திருக்கிறாள். விரிப்பில் செய்த காரியத்தை இதிலும் செய்துவிட்டால்? தாளை எடுத்து மூன்றாம் தடவையாக அவள் தலையில் மாட்டிப் பார்த்தேன். டேப்பால் இன்னொரு தடவை அளந்தேன்.

"வெட்டு கண்ணு, நேரமாகுது," என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கழுத்தின் சின்னத் துண்டு கீழே விழுந்ததும் குனிந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் கவனிக்காதது போல் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வெளி ஓரத்துக்கு மிஷினே வேண்டாம். கெட்டியான கம்பளியை மடித்துத் தைத்தால் கயிறு மாதிரி உருண்டு நிற்கும். கம்பளி நூலைக் கோத்து, விளிம்பிலிருந்து அரை இன்ச் உள்ளே ஊசியைக் குத்தி, வெளியே வரும்போது நூலைச் சுற்றிப் பிடித்து இழுக்கிற 'பிளாங்கெட்' தையல் போடுங்கள். அண்ணியும் நானும் ஆளுக்கு இரண்டு பக்கமாக உட்கார்ந்து ஒரு மாலையில் முடித்துவிட்டோம். பிளவின் மேல்முனையில் பெரிய பொத்தான் ஒன்று, எதிரே நூல் வளையம் ஒன்று. காஜா எடுக்க வேண்டியதில்லை. நடுங்குகிற விரலுக்கு வளையம்தான் சுலபம். மிச்சமான எட்டு இன்ச் பட்டையில் உள்பக்கம் ஒரு பை வைத்தேன், மூக்குக் கண்ணாடிக்கும் கைக்குட்டைக்கும்.

கத்தரிக்கோல் என்றாலே பயம் என்கிறவர்களுக்கு ஆண்டீஸ்காரர்களின் வழி இருக்கவே இருக்கிறது. இருபத்தைந்து இன்ச் அகலத்தில் ஒரே மாதிரி இரண்டு கம்பளித் துண்டுகள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் பன்னிரண்டு இன்ச் மட்டும் விட்டு, மற்றதைத் தைத்துவிடுங்கள். குழந்தைகளுக்குக் குளித்ததும் போட, இரண்டு துருக்கித் துண்டிலேகூட இப்படிச் செய்யலாம். குழந்தைக்குத் தைக்கிறபோது ஒன்றை மறக்காதீர்கள். உடம்பு சிறிதாக இருக்கிறதே என்று கழுத்தையும் சிறிதாக்கிவிடக் கூடாது. ஐந்து வயதுக் குழந்தைக்கே தலைச் சுற்று சுமார் இருபது இன்ச் இருக்கும். பெரியவர்களைவிட இரண்டு இன்ச்தான் குறைவு. கழுத்தில் நாடா வைக்க வேண்டாம். விளையாடும்போது எங்காவது மாட்டிக்கொள்ளும். அதோடு தூங்கவும் விடாதீர்கள்.

போடுகிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கைதான் தூக்க முடியும் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து, போன்ச்சோவை மடியில் வைத்து, கழுத்துப் பக்கமாகச் சுருட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். துணியைத் தலைக்குத் தூக்குவதைவிடத் தலையைத் துணிக்குக் குனிப்பது சுலபம். தலை நுழைந்ததும் நல்ல கையால் பின்பக்கத்தை முதுகில் தள்ளிவிட்டால் போதும். இரண்டு தோளிலும் வலி உள்ளவர்களுக்கு முன்பக்கம் முழுவதையுமே பிளந்துவிடலாம். கொலம்பியாவில் அப்படித்தான் உடுத்துகிறார்கள். அதற்கு 'ருவானா' என்று பெயர். சால்வை மாதிரி தோளில் போட்டுக்கொண்டுவிடலாம். எதைப் போட்டாலும் அடுப்புப் பக்கம் போகும்போது கழற்றி வைத்துவிட வேண்டும். தொங்குகிற விளிம்புக்கு காஸ் அடுப்பு எமன். மாடிப்படி ஏறும்போது முன்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொள்ளட்டும். ஸ்வெட்டர் வேண்டாம் என்பதற்காக, டாக்டர் சொன்ன கைப் பயிற்சியை நிறுத்திவிடவும் கூடாது.

நான் சென்னைக்குக் கிளம்புகிற அன்று காலை ஆறரை மணிக்கு எழுந்து வந்து பார்த்தபோது பெரியம்மா வராண்டாவில் இருந்தாள். பழுப்புப் போன்ச்சோ, முகத்துக்கு எதிரே பேப்பர், பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கும் காப்பி. அண்ணி அப்போதுதான் எழுந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து டெலிபோன் வந்தது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு கண்ணு. பையைத்தான் தப்பாத் தைச்சுட்ட."

"ஏன் பெரியம்மா?"

"இடது பக்கமா வெச்சிருக்கியே. எனக்கு ஓடறது இடது கைதானே! அது வலது பக்கம் இருந்தாத்தான் கை நேராப் போகும். இப்பக் கண்ணாடி எடுக்க நான் என் கையையே மடக்கித் தேட வேண்டியிருக்கு."

வாஸ்தவம்தான். தைக்கிறவர்கள் தங்கள் வலது கையை நினைத்துக்கொண்டு பை வைத்தால் இப்படித்தான் ஆகும். அடுத்த தடவை குன்னூர் போகும்போது தையல் பிரிக்கிற ஊசியைக் கையோடு எடுத்துப் போகிறேன்.